ஹாஜியார் தோண்டிய கிணறு

எங்கள் ஊரில் பணக்காரர் என்று யாரும் கிடையாது. பணம் கிடையாது என்று நான் சொல்லவில்லை. வடக்கே அல்ஜியர்ஸிலும் ஓரானிலும் எங்கள் ஆட்களின் துணிக்கடைகளும் இரும்புக்கடைகளும் தெருத்தெருவாக இருக்கின்றன. கடை வைத்தவன் வருடமெல்லாம் அங்கே சம்பாதிப்பான். பிறகு பாலைவனத்தைத் தாண்டி எங்கள் மிஸாப் பள்ளத்தாக்குக்குத் திரும்புவான். ஊர் வாசலில் நுழையும்போது அவனும் என்னைப் போலத்தான், ஒரு வெள்ளைத் தொப்பி, ஒரு முரட்டு அங்கி, தேய்ந்த செருப்பு. அதற்கு மேல் ஒன்றையும் உள்ளே கொண்டுவரக் கூடாது என்பது முன்னோர் போட்ட வழக்கம்.

வீடுகளும் அப்படியே. பக்கத்து வீட்டு முற்றத்தில் விழுகிற வெயிலை உன் சுவர் மறைக்கக் கூடாது. ஆகவே எல்லாச் சுவரும் ஒரே உயரம், எல்லாக் கதவும் ஒரே பேரீச்ச மரப்பலகை. கல்யாணம் என்றால் இருபது மாப்பிள்ளைகளுக்குச் சேர்த்து ஒரே நாளில் ஒரே விருந்து. மணப்பெண் எத்தனை வளையல் போடலாம் என்பதை, இறந்துபோன பெண்களைக் குளிப்பாட்டும் மாதர் சபை முடிவு செய்யும். கடைசிக் குளியலுக்கு ஒன்றும் கூட வராது என்று கண்ணால் பார்க்கிறவர்கள் அல்லவா, அவர்களிடம் போய் இன்னும் ஒரு வளையல் என்று கேட்க யாருக்கும் துணிச்சல் வராது. என் மனைவி ஃபாஃபா அந்தச் சபையில் ஒருத்தி. எங்கள் வீட்டு நிலைமையை இதிலிருந்தே நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

வழக்கத்தை மீறியவனைப் பெரியவர்கள் சபை பள்ளிவாசலில் பெயர் சொல்லி விலக்கிவைக்கும். அவன் ஸலாம் சொன்னால் பதில் வராது. அவன் வீட்டு விசேஷத்துக்கு ஒரு பூனைகூடப் போகாது. திரும்பச் சேர வேண்டுமென்றால் தொழுகைக்குப் பின் எழுந்து நின்று, செய்த தவறை எல்லோர் முன்னாலும் விளக்கமாகச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இதனால் எங்கள் ஊரில் ஆசையே ஒழிந்துவிட்டது என்று வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எழுதிக்கொண்டு போகிறார்கள். போகட்டும். ஆசை எங்கே ஒழியும்? அது எளிமையின் பக்கமாகத் திரும்பிக்கொண்டது. யார் அங்கியில் ஒட்டு அதிகம் என்று இங்கே போட்டி. புது அங்கி தைத்த கையோடு முழங்கையில் ஒட்டும் போட்டுத் தருகிற தையல்காரர் ஒருவர் இருக்கிறார். பெருநாள் சமயத்தில் அவர் வீட்டில் கூட்டம் தாங்காது. பெரிய வண்டி வாங்கியவர்கள் அதைப் பக்கத்து ஊரில் மச்சான் கொட்டகையில் விட்டுவிட்டு வியர்க்க விறுவிறுக்க நடந்து வருவார்கள். நடந்து வந்ததை நாலு பேர் பார்த்தார்களா என்றும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார்கள்.

என் பெயர் ஜாபிர். சந்தையில் ஏலக்காரன். மாலை அஸர் தொழுகை முடிந்ததும் திடலைச் சுற்றிலும் உள்ள கல்மேடைகளில் ஆண்கள் உட்கார்ந்துவிடுவார்கள். விற்கிற பொருளைத் தோளில் போட்டுக்கொண்டு அவர்களைச் சுற்றிச் சுற்றி வந்து விலை கூவுவது என் வேலை. பழைய கம்பளமோ, வெண்கலத் தட்டோ, நொண்டி ஆடோ, எதைக் கொடுத்தாலும் இதுபோல் உலகத்தில் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் கூசாது. முப்பது வருடமாக அடுத்தவன் பொருளைப் புகழ்ந்து பிழைக்கிறேன். புகழும்படியாக எனக்கென்று ஒரு பொருளும் இருந்ததில்லை. போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிவேன். கையில் ஒன்றும் இல்லாதவனுக்கு அந்த மருந்து சுலபமாகவே கிடைத்துவிடுகிறது.

அடுத்த வீடு ஹாஜி பயூபினுடையது. ஓரானில் மூன்று கடைகள் வைத்திருந்தார். மனைவி காலமான பிறகு வியாபாரத்தை மகன்களிடம் விட்டுவிட்டு வருடத்தில் பாதி நாள் ஊரோடு இருக்கத் தொடங்கினார். ஏழு வருடத்துக்கு முன் ஒருநாள், வீட்டுக்குள் கிணறு தோண்டப் போகிறேன் என்றார். எங்கள் பள்ளத்தாக்கில் கிணறு தோண்டுகிறவனுக்கு இருக்கும் மரியாதை மக்காவுக்குப் போய் வந்தவனுக்குக்கூடக் கிடையாது. எங்கிருந்தோ நாலு வேலையாட்களைக் கூட்டி வந்தார். அதிகம் பேசாத ஆட்கள். தினமும் கழுதைகள் கல்லையும் மண்ணையும் சுமந்துகொண்டு சந்து வழியாக இறங்கிப் போகும். வழியில் எதிர்ப்படுகிறவர்கள் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டு, சீக்கிரம் தண்ணீர் கிடைக்கட்டும் என்று துஆச் செய்வார்கள். நானும் செய்திருக்கிறேன்.

ஆறு வருடம் தோண்டினார். தண்ணீர் வரவில்லை. போன வருட வசந்தத்தில் வேலையாட்களை அனுப்பிவிட்டு, நமக்கு விதிக்கவில்லை என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். ஊரே அவர் வீட்டுக்குப் போய் துக்கம் விசாரித்தது. சபைத் தலைவர் ஷேக் ஸக்கரிய்யா வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தில் அவரை உதாரணம் காட்டினார். சொந்தப் பணத்தை ஆறு வருடம் மண்ணில் கொட்டியும் ஒரு வார்த்தை முணுமுணுக்காத மனிதர் என்றார். முன்வரிசையில் ஹாஜியார் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஜூலை மாதம் ஒரு நடுப்பகல். வெயிலுக்குப் பயந்து ஊர் கதவடைத்துத் தூங்குகிற நேரம். ஃபாஃபா சபைக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். ஹாஜியார் என் கதவைத் தட்டினார். ஒன்று காட்ட வேண்டும் என்றார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார்.

"உன் பொண்டாட்டிகிட்டக்கூடச் சொல்லக் கூடாது, ஜாபிரு."

"அவகிட்டயா? சொன்னா மொதல்ல என்னையத்தான் விலக்கிவைப்பா, ஹாஜியாரே."

அவர் வீட்டுச் சரக்கறையில் கோதுமைக் குதிருக்குப் பின்னால் ஒரு பலகை இருந்தது. அதை நகர்த்தினார். படிகள் இறங்கின. நாற்பது படி எண்ணினேன். கீழே போகப் போக வெயிலின் சுவடே இல்லாமல் உடம்பு குளிர்ந்தது. அவர் இருட்டில் கையை நீட்டி எதையோ தட்டினார்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். தரை முழுக்க இளஞ்சிவப்புப் பளிங்கு. சுவரில் இடுப்பு உயரத்துக்கு நீலமும் பச்சையுமாக ஓடுகள், அதற்கு மேல் கூரை வரை பொன்பூச்சு. வெல்வெட் மெத்தை போட்ட நாற்காலிகள். நடுவில் நீரூற்று, அது பாட்டுக்குச் சலசலத்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் குளிக்க ஒரு தொட்டி, நாலு பேர் காலை நீட்டிக்கொண்டு உட்காரலாம். தலைக்கு மேல் ஒரு கண்ணாடிச் சரவிளக்கு. அதில் எத்தனை விளக்குகள் என்று எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன். அத்தனையும் வெங்காய மூட்டைக்குள்ளும் கோதுமை மூட்டைக்குள்ளும் பாகம் பாகமாக வந்து சேர்ந்தவை. வழக்கம் என்ன சொல்கிறது? சுவரை உயர்த்தாதே என்கிறது. கீழே போகாதே என்று எங்கேயும் சொல்லவில்லையே என்றார் ஹாஜியார். பிறகு என் காலடியைக் காட்டினார்.

"இப்ப நீ நிக்கிறது உன் அடுப்படிக்கு நேர் கீழ."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஒரு மாளிகையையே என் அடுப்படிக்குக் கீழே மறைத்த மனிதரை அன்றுதான் பார்த்தேன். அவர் விளக்கைப் பார்க்கவில்லை, நீரூற்றைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். பொருளை என் தோளில் ஏற்றிவிட்டு, இவன் என்ன சொல்லிக் கூவப்போகிறான் என்று காத்திருப்பவன் பார்க்கிற பார்வை அது. ஒரு 'ஆஹா' போதும். நொண்டி ஆட்டுக்கே நான் சொல்கிற வார்த்தை.

எனக்கு வரவில்லை. பொறாமை. இதற்கு வேறு பெயர் வைத்துக் கூப்பிட நான் தயாராக இல்லை. என் அடுப்படியின் கீழே இன்னொருவன் பளிங்கு போட்டிருக்கிறான், மேலே நான் அடுப்பின் புகையில் கண் எரிய உட்கார்ந்து கூஸ்கூஸ் தின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

"குளிர்ச்சியா இருக்கு" என்றேன்.

"விளக்கு?"

"எரியுது."

"எரியுதா? அவ்வளவுதானா?"

"நல்லாத்தான் எரியுது."

அவர் முகம் தொங்கிப் போனது. எனக்கு அதில் கிடைத்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

மூன்றாம் நாள் மறுபடியும் கூப்பிட்டார். ஒரு பாரசீகக் கம்பளம் புதிதாக விரித்திருந்தது. "கொஞ்சம் வழுக்குமே" என்றேன். அதற்கடுத்த முறை மயில் செதுக்கிய கட்டில். "மயிலு அழகுதான், ஆனா தூசி படியும்" என்றேன். பாதாம் இனிப்பு தருவார், பைன் கொட்டை மிதக்கும் தேநீர் தருவார். எல்லாவற்றையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். ஊரில் பெரிய கை, மூன்று கடை முதலாளி, ஒரு ஏலக்காரனின் வாயையே பார்த்துக்கொண்டு தவம் கிடந்தார். என் வாழ்நாளில் எனக்கு அப்படியொரு மதிப்பு கிடைத்ததே இல்லை.

ஆனால் மேலே ஏறி வீட்டுக்கு வந்தால் என் நிலைமை மோசமாக இருந்தது. இருபது வருடம் நிம்மதியாகத் தூங்கிய பாய் முதுகைக் குத்தியது. கூஜா நசுங்கியிருந்தது கண்ணில் பட்டது. சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது கண்ணில் பட்டது. நம்மிடம் ஒரு நல்ல கிண்ணம்கூட இல்லையா என்று ஃபாஃபாவிடம் எரிந்து விழுந்தேன். அவள் பாத்திரம் துலக்குவதை நிறுத்திவிட்டு, எந்த வீட்டு விருந்துக்குப் போய்விட்டு வருகிறீர்கள் என்று கேட்டாள். எழுந்து வெளியே போனேன். முப்பது வருடம் நான் பெருமையடித்துக்கொண்ட 'போதும்' நாற்பது படி இறங்கியதில் காணாமல் போயிருந்தது. அதைத் திரும்பக் கண்டெடுக்க எனக்கு வழி தெரியவில்லை.

ஆகஸ்டு கடைசியில் ஒரு பகல், ஹாஜியாருக்குப் பொறுமை தீர்ந்தது. நீரூற்றின் ஓரத்தில் உட்கார்ந்து கெஞ்சவே ஆரம்பித்துவிட்டார்.

"ஆறு வருஷம், ஜாபிரு. ஒரு மனுஷன் நல்லா இருக்குன்னு சொல்லி நான் கேக்கல. கண்ணாடி முன்னாடி நின்னு நானே சொல்லிப் பாத்துட்டேன். ஒட்ட மாட்டேங்குது. ஒரே ஒரு தடவ சொல்லிரு."

சொல்லியிருக்கலாம். எனக்குத்தான் கொழுப்பு. ஷேக் ஸக்கரிய்யாவின் குரலை வரவழைத்துக்கொண்டு, "ஒரு பாய், ஒரு கூஜா, இது போதாதா ஹாஜியாரே நமக்கு?" என்றேன்.

அவர் எழுந்து நின்றார். "உனக்கு வேணாம்னா வாரத்துக்கு மூணு தடவ எதுக்குடா வர்ற?" என்று கேட்டார். விளக்கை அணைத்துவிட்டு அவர் பாட்டுக்கு மேலே போய்விட்டார். நாற்பது படியையும் நான் தடவித் தடவி ஏறினேன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து எல்லோரும் செருப்பைத் தேடப் போகிற நேரம், ஹாஜி பயூப் எழுந்து நின்றார். யாரும் அவர்மேல் குற்றம் சொல்லியிருக்கவில்லை. யாருக்கும் எதுவும் தெரியாது. அவராகவே, "அல்லாஹ்கிட்டயும் உங்ககிட்டயும் மன்னிப்புக் கேக்குறேன்" என்றார். ஷேக், ஏதோ கிணற்று விஷயத்தில் மனம் தளர்ந்து இறைவனைக் குறைசொல்லிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பரிவோடு, என்ன தவறு என்று விளக்கமாகச் சொல்லுங்கள் என்றார். அதுதான் முறை. தவறின் அளவு தெரிந்தால்தானே மன்னிப்பின் அளவும் தெரியும்.

ஹாஜியார் விளக்கமாகச் சொன்னார்.

பளிங்கில் ஆரம்பித்தார். அது எந்த நாட்டு மலையில் வெட்டியது, அதில் ஓடுகிற நரம்பு என்ன நிறம், ஒரு கல்லுக்கும் இன்னொரு கல்லுக்கும் நடுவே நகம்கூட நுழையாது என்பதையெல்லாம் சொன்னார். ஓடுகளுக்கு வந்தார். பொன்பூச்சுக்கு வந்தார். குரல் முதலில் நடுங்கியது, பிறகு தெளிந்தது, பிறகு மேலே மேலே போனது. சரவிளக்கை அவர் வர்ணித்தபோது கூட்டத்தில் பாதிப் பேர் தங்களை அறியாமல் பள்ளிவாசலின் வெறும் கூரையை அண்ணாந்து பார்த்தார்கள். நான் அப்படியொரு ஏலம் வாழ்க்கையில் கூவியதில்லை. நடுவில் ஒரு இரும்புக்கடைக்காரர் எழுந்து, அந்த நீரூற்று எந்த ஊரில் வாங்கியது என்று கேட்டார். தீமை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தானே விலகி நிற்க முடியும் என்று காரணமும் சொன்னார். என் வீட்டுக்கு அடியிலும் வருகிறதா என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். உங்கள் வீட்டுக்கும் இரண்டு முழம் வருகிறது என்று ஹாஜியார் சொன்னதும், கேட்டவர் பக்கத்தில் இருந்தவர்களை ஒருமுறை பார்த்துவிட்டுக் கம்பீரமாக உட்கார்ந்தார்.

குளிக்கும் தொட்டிக்கு அவர் வந்தபோது பின்வரிசையில் யாரோ "மாஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டார்கள். சொன்னவர் உடனே இருமி மறைத்துக்கொண்டார். ஆனால் பாராட்டு வார்த்தை வந்துவிட்டது. ஹாஜியாரின் தோள்கள் தளர்ந்தன. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எப்பேர்ப்பட்ட மனம் திருந்தல் என்று பக்கத்திலிருந்த பெரியவர்களும் அழுதார்கள். அது என்ன அழுகை என்று அங்கே எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். ஒரு வார்த்தைக்காக மனிதனை இந்தப் பாடு படுத்திவிட்டோமே என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

சொல்லி முடித்துவிட்டார் என்று நினைத்து ஷேக் அவ்வளவுதானா என்று கேட்டார். மயில் கட்டில் இருக்கிறது என்றார் ஹாஜியார்.

மறுநாள் சபையின் பன்னிரண்டு பேரும் தீமையை நேரில் பார்த்து அளக்கக் கீழே இறங்கினார்கள். மேலே வெயில் கொளுத்தியது. காலையில் போனவர்கள் அஸருக்குத்தான் வெளியே வந்தார்கள். இவ்வளவு பெரிய தவறை ஒரே நாளில் அளக்க முடியாது என்று சொல்லி நாலு நாள் தொடர்ந்து இறங்கினார்கள். பிறகு மாதர் சபையின் முறை. ஃபாஃபாவும் போய்விட்டுத் திரும்பி வந்தாள். அவள் பாதம் இரண்டும் பளிச்சென்று கழுவியிருந்தது. என்னவென்று கேட்டேன். குழாயில் தண்ணீர் வருகிறதா என்று சோதித்துப் பார்த்தோம் என்றாள்.

கடைசியில் தீர்ப்பு வந்தது. ஹாஜி பயூபின் மன்னிப்பு ஏற்கப்பட்டது. பாதாள மாளிகையைச் சுரண்டி எடுத்து வெறும் குழியாக்கி, ஏழைகளுக்கான பேரீச்சைக் கிடங்காகக் கொடுத்துவிட வேண்டும். பொருள்களையெல்லாம் சந்தையில் ஏலம் போட்டு, வருகிற பணத்தை அநாதைக் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டும். ஏலம் யார் போடுவது என்று யாரும் கேட்கக்கூட இல்லை. ஊரில் முதல் ஏலக்காரன் நான்தானே.

அன்று திடலில் நிற்க இடமில்லை. சரவிளக்கை இரண்டு பேர் கழியில் தொங்கவிட்டுத் தூக்கி வர, நான் முன்னால் நடந்தேன். வாயைத் திறந்தேன். ஆறு வாரமாக உள்ளே அடக்கிவைத்திருந்தது அவ்வளவும் வெளியே வந்தது. இதைப் பார்த்த நாளிலிருந்து எனக்குத் தூக்கமில்லை என்று கூவினேன். சூரியன் மறைந்த பிறகு இதை ஏற்றினால் சூரியன் வெட்கப்பட்டுத் திரும்பி வரும் என்று கூவினேன். தொழிலில் முதல்முறையாகப் பொய் கலக்காமல் கூவினேன், பாதியில் குரல் உடைந்துவிட்டது. ஹாஜியார் தன் வழக்கமான இடத்தில், ஒட்டுப் போட்ட அங்கியில், கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேரன் பேசுகிற முதல் பேச்சைக் கேட்பவர் போல அவர் முகம் மலர்ந்திருந்தது.

முதலில் யாரும் விலை கேட்கவில்லை. கேட்டால் ஆசைப்பட்டதாகிவிடும். இரண்டாவது சுற்றில் ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஓரானில் இருக்கிற தன் சித்தப்பா மகனுக்காக என்று ஒரு விலை சொன்னார். அவ்வளவுதான், மடை திறந்தது. பளிங்கு ஒருவரின் ஓரான் மைத்துனருக்கு. கம்பளம் இன்னொருவரின் ஓரான் சம்பந்திக்கு. கட்டிலை எடுத்த ஆளின் சொந்தக்காரர்கள் மூன்று தலைமுறையாக இந்தப் பள்ளத்தாக்கைத் தாண்டியதில்லை, அவருக்கும் ஓரானில் ஒரு பெரியம்மா முளைத்தாள். ஹாஜியார் பக்கத்திலிருந்தவரிடம் சாய்ந்தார்.

"ஓரான்ல நமக்கு இவ்வளவு சொந்தமா? நாப்பது வருஷம் அங்க இருந்தேன், ஒருத்தனையும் பாக்கலியே."

கடைசியாக ஒரு குழாய் வந்தது. குளிக்கும் தொட்டியிலிருந்து கழற்றியது. அன்னப்பறவை வடிவம், தங்க முலாம், வாயால் தண்ணீர் கொட்டுகிற மாதிரி. அதை நான் கையில் வாங்கினேன். அதன் கழுத்து என் உள்ளங்கையில் சரியாக வந்து உட்கார்ந்தது. ஏலக்காரன் தான் கூவுகிற பொருளுக்கு விலை கேட்கக் கூடாது. ஃபாஃபாவின் தம்பி சுலைமான் கூட்டத்தில் இருந்தான். அவன் பக்கமாகச் சுற்றி வரும்போது குனிந்து, "மச்சான், எனக்காகக் கேளு" என்றேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு கான்ஸ்டன்டைன் நகரில் இருக்கும் ஒரு மாமிக்காக என்று சத்தமாகக் கேட்டான். அந்த ஏலத்தில் எனக்குக் கிடைத்த கூலி முழுவதும் மாமிக்குப் போய்விட்டது.

அதற்குப் பிறகு ஹாஜி பயூபைப் பார்க்க வேண்டுமே. ஓரான் கடைகளை மகன்கள் பெயருக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். பேரீச்சையும் மோரும் போதும் என்கிறார். பகலில் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு குறட்டை விடுகிறார். கீழே கட்டியதை நினைத்து வருத்தமில்லையா என்று ஒருநாள் கேட்டேன்.

"எல்லாரும் பாத்தாச்சு, ஜாபிரு. இனி அத வச்சு என்ன பண்றது?"

அது நடிப்பில்லை. ஷேக் ஸக்கரிய்யா இப்போது எளிமைக்கு அவரைத்தான் உதாரணம் காட்டுகிறார்.

நானோ, அன்னத்தைப் பழைய அங்கியில் சுற்றி வாற்கோதுமை ஜாடிக்குள் வைத்திருந்தேன். ஃபாஃபா வெளியே போனால் எடுப்பேன். மாட்டுவதற்கு எங்கள் வீட்டில் குழாய் வசதி கிடையாது. மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பேன். பத்து நாள் அது போதுமாக இருந்தது. பிறகு யாராவது ஒருவர் பார்த்தால் தேவலை என்று தோன்ற ஆரம்பித்தது. ஏலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு நானே அதற்குக் கூவிப் பார்த்தேன். ஹாஜியார் சொன்னது சரி, ஒட்டவில்லை. சுலைமானிடம் பேச்செடுத்தால் அவன் அவசரமாக வானிலையைப் பற்றிப் பேசுகிறான். அவனிடமும் ஏதோ இருக்கிறது. தெருவில் நடந்தால் எல்லோரிடமும் ஏதோ இருக்கிறது. ஸலாம் சொன்ன பிறகும் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, "வீட்டுக்கு வாங்களேன், ஒரு தேத்தண்ணி..." என்று ஆரம்பிப்பார்கள், பிறகு எதையோ நினைத்துக்கொண்டு கையை விட்டுவிடுவார்கள்.

ஜனவரியில் ஒருநாள் காலை ஃபாஃபா சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டாள். நான் முற்றத்து வெயிலில் அன்னத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒளிக்க நேரமில்லை. அவள் போர்வையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு என் எதிரே உட்கார்ந்தாள். அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கழுத்தில் படிந்திருந்த வாற்கோதுமைத் தூசியைத் தலைத்துணியின் ஓரத்தால் துடைத்தாள்.

"எப்ப இருந்து?"

"ஏலத்தன்னிக்கிருந்து."

"நாலு மாசமா யாருகிட்டயும் சொல்லலியா?"

இல்லை என்றேன். அவள் சபைக்காரி. நான் சிக்கியாயிற்று. ஆனால் எனக்குப் பயம் வரவில்லை, எங்கிருந்தோ ஒரு தெம்பு வந்தது. ஊருக்குச் செய்த துரோகம் இது, மறைக்க மாட்டேன், வருகிற வெள்ளிக்கிழமையே எழுந்து நின்று எல்லாவற்றையும் விளக்கமாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன் என்றேன். எதில் ஆரம்பிப்பது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். சிறகிலிருந்து ஆரம்பித்துக் கழுத்துக்கு வரலாம்.

ஃபாஃபா என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மன்னிப்புக் கேக்கப் போறவர் மொகமாங்க இது? மாப்பிள்ள மாதிரி மினுங்குது."

அவள் அன்னத்தை மறுபடி அங்கியில் சுற்றினாள். அவசரப்படாமல், இறந்தவர்களுக்குத் துணி சுற்றுகிற கையால், ஒரு மடிப்புக் கலையாமல் சுற்றினாள். ஜாடிக்குள் வைத்து மேலே வாற்கோதுமையைத் தள்ளி மூடினாள்.

"நிக்க வேணாம். விக்கவும் வேணாம். இங்கயே இருக்கட்டும். நீங்க செத்து நாலு பேரு தூக்கிட்டுப் போற வரைக்கும் இத யாருகிட்டயும் சொல்லக் கூடாது. அதான் உங்களுக்குத் தண்டனை."

விலக்கிவைக்கப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக்கூட இவ்வளவு கடுமையான தீர்ப்பு சொன்னதில்லை. சபைத் தலைவியாக வேண்டியவள் அவள்.

மூன்று வாரம் தாக்குப்பிடித்தேன். நீங்கள் வெளியூர் ஆள், எங்கள் ஊர்ப் பெண்களோடு பேசப்போவதில்லை, உங்களிடம் சொன்னால் சொன்னதாகாது என்று நினைக்கிறேன். கழுத்து மட்டும் ஒரு சாண் இருக்கும். சிறகில் ஒவ்வொரு இறகும் தனித்தனியாகச் செதுக்கியிருக்கிறார்கள், விரலை வைத்தால் வரி தட்டுப்படும். கண்ணுக்கு இரண்டு சிவப்புக் கல் பதித்திருக்கிறது. காலை பத்து மணி வெயிலில் அதைக் கொஞ்சம் இடது பக்கமாகத் திருப்பிப் பிடித்தால், அது உங்களையே பார்க்கும்.